பச்சை உடம்பின் தாகம்

என் பெரியப்பா மகள் இறந்தபோது அவளுக்கு 23 வயது. ராயகிரியில் தாய்வீட்டில் இருந்தாள். இரண்டாவது பேறுகாலம், பிள்ளை பிறந்து பதினோராம் நாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதிமூன்று வயது. கோடை விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். தொட்டிலை ஆட்டுவது என் வேலை.

எட்டாம் நாளிலிருந்தே அக்கா தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "தல வெடிச்சிரும் போல இருக்கும்மா" என்பாள். பெரியம்மா கல்நெஞ்சக்காரி இல்லை. மகள்மேல் உயிரையே வைத்திருந்தவள். "பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும். காத்து ஏறியிருக்கும், காதுல பஞ்ச வச்சிக்கிட்டுப் படு" என்று சொல்லித் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டாள். அக்கா தண்ணீர் கேட்டாள். மே மாதம். சன்னலை அடைத்த அறை. ஆச்சி வாசலில் உட்கார்ந்தபடி சொன்னாள்: "பிள்ள பெத்தவ மடக்கு மடக்குன்னு தண்ணி குடிச்சா வயிறு தொந்தி போட்ரும். ரணம் ஆறாது. பிள்ளைக்குச் சளி கட்டும்." ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் வெந்நீர் என்று கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை மீறி ஒருமுறை நான் செம்பில் தண்ணீரைத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைக் குடித்த வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்காக நான் வாங்கிய அடியும் மறக்கவில்லை.

பத்தாம் நாள் கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். சோற்றைக் கண்டாலே வாந்தி. பதினோராம் நாள் விடியற்காலையில் வலக்கை வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு உடம்பு முழுவதும் வலிப்பு. கையில் இரும்பைக் கொடுத்தார்கள். வேப்பிலையோடு ஒருவர் வந்தார். கார் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. அங்கே மருத்துவர் என்ன சொன்னார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஊர் சொன்னது இரண்டே சொல்: "ஜன்னி கண்டுட்டு."

அதோடு எல்லாக் கேள்வியும் முடிந்துபோயிற்று. பிள்ளை பெற்ற பெண் வலிப்பு வந்து சாவது, மழை பெய்வதைப் போல, ஊருக்குத் தெரிந்த ஒன்று. அதற்கு ஒரு பெயர் இருந்தது. பெயர் இருந்துவிட்டால் காரணம் கேட்க வேண்டியதில்லை.

*

பல ஆண்டுகள் கழித்து, என் முதுகலை வகுப்பு மாணவி ஒருத்தி பிள்ளை பெற்ற சில வாரங்களில் மருத்துவச் சான்றிதழோடு என் முன் வந்து நின்றாள். தேர்வு எழுத முடியவில்லை, வருகைப் பதிவுக்குக் கையெழுத்து வேண்டும் என்றாள். சான்றிதழில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: செரிப்ரல் வீனஸ் சைனஸ் த்ராம்போசிஸ். "சைனஸ்னு சொன்னதும் எங்க வீட்டுல மூக்கடைப்புன்னு நெனச்சு ஆவி பிடிக்கச் சொன்னாங்க மேடம்" என்று சிரித்தாள். என்ன செய்தது என்று கேட்டேன். எட்டாம் நாளிலிருந்து தலைவலி. படுத்தால் கூடியது. குமட்டல். பிறகு கண் மங்கல்.

என் கை நடுங்கியதை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

அவள் பிழைத்ததற்குக் காரணம் அவள் வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர். பச்சை உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. "இது சாதாரணத் தலைவலி இல்ல, இன்னைக்கே போகணும்" என்று சொல்லி, வண்டி வரும்வரை வாசலைவிட்டு நகரவில்லை. மூளையின் இரத்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். சிரையில் அடைப்பு. இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஊசி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. அவள் அடுத்த பருவத்தில் தேர்வு எழுதினாள்.

என் அக்காவுக்கு வந்ததும் இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவள் உடலை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. இரத்தக்கொதிப்பினால் வரும் பேறுகால வலிப்பாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஜன்னி என்ற சொல்லுக்குள் எத்தனை பெண்களின் மூளைகள் புதைந்து கிடக்கின்றன என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது. தமிழ் படித்தவள் நான். ஒரு சொல் எதையெல்லாம் மூடி வைக்கும் என்று பார்ப்பதுதான் என் தொழில்.

*

மூளைக்கு இரத்தம் எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது என்று அதன் பிறகு படித்தேன். அறிவியல் மாணவிகளுக்கு இது தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

உடல் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. கழுத்தின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் முதுகெலும்பின் ஓரமாக இரண்டு என நான்கு தமனிகள் அதற்கு இரத்தம் கொண்டு போகின்றன. நான்கும் மூளையின் அடியில் ஒரு வளையமாகக் கூடுகின்றன. ஒன்று அடைத்தால் மற்றொன்று ஓரளவு ஈடுகட்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் இரத்தம் மேலே போகிறது.

முக்கால் லிட்டர் போனால் முக்கால் லிட்டர் திரும்பவும் வேண்டும். மண்டையோடு எலும்புப் பெட்டி. வீங்க இடம் கிடையாது. திரும்பும் வழி சிரைகள். மூளையின் சிரைகள் மெல்லியவை. அவற்றின் சுவரில் தசை இல்லை, உள்ளே வால்வு இல்லை. அவை மூளையை மூடியிருக்கும் தடித்த உறையின் மடிப்புகளுக்கு இடையே ஓடும் பெரிய கால்வாய்களில் போய்ச் சேர்கின்றன. இவற்றைத்தான் மருத்துவர்கள் சைனஸ் என்கிறார்கள். மூக்கடைப்பு சைனஸுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை.

இந்தக் கால்வாய்கள் எங்கே ஓடுகின்றன என்று தெரிய வரைபடம் வேண்டாம். உங்கள் தலையைத் தொட்டுப் பாருங்கள். நெற்றியிலிருந்து உச்சிவழியாக நேர்வகிடு எடுப்போமே, அதற்கு நேர் கீழே, எலும்புக்கு உள்புறம், முதற்பெரும் கால்வாய் முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. பின்தலையில் கொண்டை உட்காரும் இடத்தில் வழிகள் ஒன்றுகூடி வலமும் இடமுமாகப் பிரிகின்றன. பிறகு காதுகளுக்குப் பின்னால் வளைந்து, கழுத்தின் இரண்டு பக்கமும் இறங்கி இதயத்துக்குப் போகின்றன. வகிட்டில் குங்குமம் வைத்தும், கொண்டையில் பூ வைத்தும், கழுத்தில் தாலி கட்டியும் குறித்து வைத்திருக்கிறோமே, அதே பாதை. மேலே என்ன இருக்க வேண்டும் என்பதில் இத்தனை கவனம் வைத்த சமூகம், கீழே என்ன ஓடுகிறது என்று கேட்டதே இல்லை.

அந்தக் கால்வாயில் இரத்தம் உறைந்து அடைத்தால் என்ன ஆகும்? சாக்கடை அடைத்த தெருவில் நடப்பதுதான். மேலே வந்துகொண்டே இருக்கும், கீழே போகாது. அழுத்தம் ஏறும். முதலில் தலைவலி. படுத்தால் கூடும், இருமினால், குனிந்தால் கூடும். பிறகு வாந்தி, கண் மங்கல். மூளை வீங்கும். நுண்குழாய்கள் தாங்காமல் கசியும், வெடிக்கும். வலிப்பு வரும், கை கால் விழும், நினைவு போகும். இதெல்லாம் ஒரே நொடியில் நடப்பதில்லை. பெரும்பாலும் சில நாட்கள், சில சமயம் வாரங்கள் எடுக்கும். அதாவது காப்பாற்ற நேரம் இருக்கிறது. என் அக்காவுக்கு மூன்று நாட்கள் இருந்தன.

இந்தக் குழாய்களின் பெயர்களையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அடியிலுள்ள தமனி வளையத்துக்கு 1664-இல் மூளையைப் பற்றி நூல் எழுதிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயர். ஆழத்திலுள்ள பெரிய சிரை காலனுடையது. மேற்பரப்புச் சிரைகளில் ஒன்று ட்ரோலாருடையது, இன்னொன்று லாபேயுடையது. வழிகள் கூடும் இடம் பண்டைய அலெக்சாந்திரியாவின் ஹெரோஃபிலஸுடையது. எல்லாரும் ஆண்கள். பேறுகாலத்துக்குப் பின் வரும் இந்த அடைப்பை 1828-இல் எழுதிவைத்தவர் எடின்பரோவின் ஜான் அபர்க்ராம்பி. அவர் எழுதியது 24 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி. அவள் தலைவலியிலும் வலிப்பிலும் இறந்தாள். மருத்துவரின் பெயர் நமக்குத் தெரியும். அவள் பெயர் தெரியாது. கண்டுபிடித்தவர்களைக் குறை சொல்லவில்லை. யாருடைய உடலில் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

*

இது எங்கோ ஐரோப்பாவில் நடக்கும் அபூர்வ நோய் அல்ல. நம் ஊருக்கு வடக்கே, மதுரையில், நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் கர்ப்பத்திலும் பேறுகாலத்திலும் மூளை இரத்தக்குழாய் அடைத்த 135 பெண்களைப் பற்றி 1983-இல் ஒரு சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார். சிரையடைப்பும் தமனியடைப்பும் சேர்ந்த கணக்கு அது. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையிலும் மருத்துவர்கள் இந்தப் பெண்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார்கள். உலகத்தின் பாடப்புத்தகங்கள் பேறுகாலச் சிரையடைப்பைப் பேசும்போது இந்தியாவை எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. காரணம் தேடும்போது சோகை, தொற்று, இவற்றோடு நீரிழப்பையும் எழுதுகின்றன. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் நம் வழக்கம் மருத்துவ இலக்கியத்தில் ஏறியிருக்கிறது. நமக்குத்தான் அது இன்னும் செய்தியாக வந்து சேரவில்லை.

21 நாடுகளில் 624 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் நான்கில் மூவர் பெண்கள். ஆனால் ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 428 பேரின் கணக்கில் ஆண்கள் சற்றே அதிகம். பேறுகாலப் பெண்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவள். ஆண்களிடம் குடியும் ஒரு காரணமாக அந்தக் கணக்கில் வருகிறது. நுட்பமான ஸ்கேன் வந்தபின் லேசான அடைப்புகளும் கண்ணில் படுகின்றன. மருத்துவமனைப் பேறுகாலமும் பெருகிவிட்டது. எந்தக் காரணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது என் வேலை அல்ல. எனக்கு அதில் தெரிவது ஒன்றுதான்: பேறுகாலப் பெண்களின் பங்கு மாறக்கூடியது. மாறக்கூடியது விதி அல்ல. விதி அல்லாத ஒன்றில் செத்தவர்களை "ஜன்னி கண்டுட்டு" என்று சொல்லி அடக்கம் செய்திருக்கிறோம்.

*

ஏன் பிள்ளை பெற்றவளுக்கு? பிரசவத்தில் இரத்தம் கொட்டிச் சாகாமல் இருக்க, கர்ப்ப காலத்திலேயே உடல் இரத்தத்தை எளிதில் உறையும்படி மாற்றிக்கொள்கிறது. உறையவைக்கும் பொருள்கள் கூடுகின்றன. உறைதலைத் தடுப்பவற்றில் சில குறைகின்றன. பிரசவம் முடிந்த மறுநாளே இது பழைய நிலைக்குத் திரும்பிவிடாது. ஆறு வாரமாவது ஆகும். நாம் நாற்பது நாள் தீட்டு என்று ஒதுக்கிவைக்கும் அதே நாட்கள்தான் இவை. அந்த நாட்களில் கவனம் வேண்டும் என்று நம் முன்னோர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் கவனம் ஏன் கண்காணிப்பாக மாறியது என்பதுதான் என் கேள்வி.

ஏற்கெனவே உறையத் துடிக்கும் இரத்தம். பிரசவத்தில் இரத்தமும் நீரும் போயிருக்கிறது. பால் கொடுக்கும் தாயிடமிருந்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளவுக்குப் பால் போகிறது. அந்தப் பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். கொடுப்பவளுக்கு எங்கிருந்து வரும்? வீட்டில் பசு கன்று ஈன்றால் தொட்டி நிறையத் தண்ணீர் வைப்போம். தவிட்டைக் கலந்து, புண்ணாக்கை ஊறவைத்துக் குடிக்கக் கொடுப்போம். "பால் கறக்கிற மாடு, தண்ணி காட்டணும்" என்று அதே ஆச்சிதான் சொல்வாள். மாட்டுக்குத் தெரிந்த கணக்கு மகளிடம் வரும்போது எப்படி மறந்துபோகிறது?

அடுத்தது சோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. சோகையும் சிரையடைப்புக்கான ஆபத்துகளில் ஒன்று. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைத் தின்று வளர்ந்த பெண், பேறுகாலத்துக்கு முன்பே பாதி வழி போய்விட்டாள்.

தண்ணீர்க் கணக்குக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்கள் பெரியப்பா வீட்டில் அன்று கழிப்பறை கிடையாது. தண்ணீர் குடித்தால் போக வேண்டும். பகலில் எங்கே போவாள்? தையலோடு ஓடைக்கரைக்கா? "வயிறு தொந்தி போடும்" என்பது ஒரு பாதி. கழிப்பறை கட்டாத ஆண்களின் வசதி மறுபாதி. இன்று என் கல்லூரி மாணவிகளைப் பார்க்கிறேன். காலை எட்டு மணிக்குப் பேருந்து ஏறினால் மாலை ஐந்து வரை தண்ணீர் பாட்டிலைத் திறப்பதில்லை. கழிப்பறை அப்படி. தாகத்தை அடக்குவது நமக்குப் பேறுகாலத்தில் தொடங்கும் பயிற்சி அல்ல.

மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் கொடை, சங்கரன்கோவில் ஆடித்தபசு, கல்யாணம் என்று எது வந்தாலும் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குகிறோம். பெரும்பாலும் அது நோரெதிஸ்டிரோன். அதிக அளவில் எடுக்கும்போது அதில் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது; ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறைவதைக் கூட்டும். கருத்தடை மாத்திரை என்றாலே பயப்பட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் திரித்துவிடக் கூடாது. பிள்ளை எப்போது வேண்டும் என்று தீர்மானிக்க அது நம் கையிலுள்ள கருவி. பெரும்பாலோருக்கு அதில் ஆபத்து மிகச் சிறிது. கர்ப்பமும் பேறுகாலமும் தரும் ஆபத்து அதைவிடப் பெரிது. கடுமையான ஒற்றைத் தலைவலியோ, குடும்பத்தில் இரத்தம் உறையும் நோயோ உள்ளவள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். என் கோபம் வேறு இடத்தில். தனக்காக எடுக்கும் மாத்திரைக்கு நூறு கேள்வி கேட்கும் வீடு, தீட்டு பட்டுவிடக் கூடாது என்று எடுக்கும் மாத்திரையைத் தானே வாங்கிவந்து கொடுக்கிறது. தபசு நிற்கும் கோமதி அம்மனும் பெண்தானே, அவளைப் பார்க்கப் போக நம் இரத்தத்தை ஏன் நிறுத்த வேண்டும்?

*

இப்போது மருத்துவத்தின் பக்கம் வருகிறேன். வீட்டை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.

பக்கவாதம் பற்றிய சுவரொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் உடனே வாருங்கள், நாலரை மணி நேரத்துக்குள் வாருங்கள் என்று எழுதியிருக்கும். நல்ல செய்தி. அது தமனி அடைப்புக்கான செய்தி. பெரும்பாலும் ஒரு முதியவரின் படம் போட்டிருக்கும். சிரையடைப்பில் முதல் அறிகுறி தலைவலி. பத்தில் ஒன்பது பேருக்கு அது உண்டு. பலருக்கு நெடுநேரம் அதைத் தவிர வேறெதுவும் இருக்காது. அந்தச் சுவரொட்டியில் தலைவலிக்கு இடமில்லை. மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் இடமில்லை.

தமிழ்நாட்டில் இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். நூற்றுக்கு 45 அறுவைச் சிகிச்சை. முதுகில் மயக்க ஊசி போட்டால் சிலருக்குத் தலைவலி வரும். அது எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் தணியும். அடைப்பினால் வருவது பெரும்பாலும் தலைகீழ்: படுத்தால் கூடும். கேட்டுப் பார்த்தால் தெரியும் வேறுபாடு இது. ஆனால் கேட்க வேண்டுமே. "ஊசி போட்டதால வலிக்குது", "தூக்கமில்ல, அதான்", "பிள்ள பெத்தா எல்லாருக்கும் இருக்கிறதுதான்". வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பேசினாலும் இது என் ஆச்சியின் குரல்தான். சாதாரண சி.டி. ஸ்கேன் சிலருக்குச் சரியாக இருப்பது போலவே காட்டும். சிரைகளைக் காட்டும் படம் தனியாக எடுக்க வேண்டும். அவள் சொல்வதை நம்பினால்தான் அடுத்த படத்துக்கு எழுதித் தருவார்கள்.

நம்பினால் என்ன கிடைக்கும்? 1991-இல் ஜெர்மனியில் வெறும் இருபது நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. பத்துப் பேருக்கு ஹெப்பாரின் ஊசி. அவர்களில் எட்டுப் பேர் முழுக் குணமடைந்தார்கள், யாரும் சாகவில்லை. ஊசி பெறாத பத்துப் பேரில் மூவர் இறந்தார்கள்; ஒருவர்தான் முழுக் குணம். வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை அத்தோடு நிறுத்தினார்கள். நான் முன்பு சொன்ன 624 பேரில் ஐந்தில் நால்வர் அளவுக்கு மீண்டு வந்தார்கள். விலை எட்டாத அதிசய மருந்து எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. "தல வெடிச்சிரும் போல இருக்கு" என்ற ஒரு வாக்கியத்தை நம்பும் காது தேவைப்பட்டது.

*

என்னை எதிர்த்து இரண்டு பேர் எழுந்திருப்பார்கள் என்று தெரியும்.

முதலாமவர் மரபைப் பேசுபவர். பத்தியம் நம் பெண்களின் அறிவு, அதை ஆங்கில மருத்துவத்தின் தட்டில் வைத்து எடை போடலாமா என்பார். பேறுகாலத்துக்குப் பூண்டும், பால்சுறாப் புட்டும், காயமருந்தும் கொடுத்த பெண்களின் கையை நான் மதிக்கிறேன். ஓய்வு என்ற ஒன்றை வாழ்நாளில் ஒரே ஒருமுறை அந்தக் கைகள்தான் நமக்கு வாங்கிக் கொடுத்தன. ஊட்டியதை வைத்துக்கொள்வோம். தாகத்தை விட்டுவிடுவோம். மரபு என்பது மொத்தமாக வாங்க வேண்டிய மூட்டை அல்ல.

அதோடு, எந்த மரபு? தொல்காப்பியத்தின் உரியியலில் புனிறு என்று ஒரு சொல் இருக்கிறது. ஈன்று சில நாளே ஆன நிலை என்று பொருள். நற்றிணையில் ஒரு பாலைப் பாட்டு உண்டு. குட்டி ஈன்று களைத்துக் கிடக்கும் பெண்புலிக்குப் பசிக்கிறது. அதற்காக ஆண்புலி இரை தேடிப் பதுங்குகிறது. வெயிலில் காய்ந்த பாலை நிலத்திலும் ஈன்றவளின் பசி ஒரு செய்தியாக இருந்திருக்கிறது. அவள் பசிக்காகப் பிறர் நகர்ந்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பெருமை பேசுகிறவர்கள் அந்தப் புலியையும் பெருமையில் சேர்த்துக்கொள்ளட்டும். புனிறு என்று மென்மையாகச் சொல்லத் தெரிந்த மொழியில் தீட்டு என்ற சொல் எப்போது அந்த அறைக்குள் நுழைந்து சன்னலை அடைத்தது என்றும் சொல்லட்டும்.

இரண்டாமவர் புள்ளிவிவரத்தைப் பேசுபவர். இது அரிதான நோய், இதற்காகப் பெண்களைப் பயமுறுத்தலாமா என்பார். அரிதுதான். தலைவலி வந்த எல்லாருக்கும் அடைப்பு இல்லை. பெரும்பாலான தலைவலி சாதாரணத் தலைவலிதான். ஆனால் நான் கேட்பது எல்லாருக்கும் ஸ்கேன் அல்ல. எல்லாருக்கும் தண்ணீர், எல்லாருக்கும் இரும்புச்சத்து, எல்லாருடைய சொல்லுக்கும் நம்பிக்கை. இவை அரிதான நோய்க்கு மட்டும் உதவுபவையா? இரத்தக்கொதிப்பு வலிப்புக்கும் முதலில் வருவது தலைவலிதான். இந்த மூன்றும் கிடைக்காமல் போனதால் பெண்கள் எத்தனை விதமாகச் செத்திருக்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் அரிது என்ற சொல் வாயில் வராது.

பெரியம்மாவை நான் மன்னித்துவிட்டேனா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அவள் மன்னிக்கப்பட வேண்டியவள் இல்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவள் செய்தாள். அவளும் இரண்டு பேறுகாலம் தாகத்தோடு கிடந்தவள். அவளுக்கு யாரும் வேறொன்றைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் மதுரையில் கணக்கெடுத்துக்கொண்டிருந்த காலத்திலும் அந்தக் கணக்கு ராயகிரிக்குத் தமிழில் வந்து சேரவில்லை. அறிவு ஆங்கிலத்தில் அச்சாகி வெளிநாட்டு இதழுக்குப் போயிற்று. நோய் எங்கள் வீட்டில் இருந்தது.

அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். தோழி, இந்தப் பக்கங்களைப் படித்தபின் நீ ஒன்று செய். உன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிள்ளை பெற்றவள் இருந்தால் அவள் கட்டிலருகே ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் வை. கணக்குக் கேட்பவர்களை என்னிடம் அனுப்பு. அந்த ஆறு வாரத்தில் அவள் இதற்குமுன் வராத தலைவலி என்றால், நாளுக்கு நாள் கூடுகிறது என்றால், படுத்தால் கூடுகிறது என்றால், கண் மங்குகிறது, வாந்தி வருகிறது, கை கால் மரக்கிறது, வெட்டி இழுக்கிறது என்றால், பஞ்சைத் தேடாதே, துண்டைத் தேடாதே. 108-ஐக் கூப்பிடு. மருத்துவமனையில் "பிள்ளை பெற்று இத்தனை நாள்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல். மூளைச் சிரையில் அடைப்பு இருக்குமோ என்று நீயே கேள். உனக்கென்ன தெரியும் என்பார்கள். தெரியும் என்று சொல்.

அக்காவின் பிள்ளைக்கு இப்போது முப்பது வயதுக்கு மேலாகிறது. தாயின் முகம் தெரியாமல் வளர்ந்தவள். போன ஆண்டு அவளுக்குக் குழந்தை பிறந்தது. அதே ராயகிரி வீடு. சன்னலைத் திறந்து வைத்தோம். பெரியம்மா, இப்போது எண்பதை நெருங்கும் கிழவி, யாரும் சொல்லாமலே ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பேத்தியின் பக்கத்தில் வைத்துவிட்டு, "குடிட்டி" என்றாள்.